ஓகே மேம்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. அதில் கடைசி 9 வருடம் மேனேஜர். இந்த 9 வருடத்தில் என் காதில் அதிகம் விழுந்தது "ஓகே மேம்" என்பதுதான்.

இந்த ஓகேயில் பல ரகம் உண்டு. புரிந்துவிட்டது என்கிற ஓகே. புரியவில்லை, ஆனால் திரும்பக் கேட்டால் உங்கள் முகம் மாறும் என்கிற ஓகே. நீங்கள் சொல்கிற தேதிக்கு இது முடியவே முடியாது, ஆனால் அதைச் சொல்லி மாட்டிக்கொள்கிற ஆள் நான் இல்லை என்கிற ஓகே. எல்லாம் ஒரே குரலில்தான் வரும். நான் எல்லாவற்றையும் முதல் ரகத்திலேயே சேர்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் வசதி.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த வசதி கெட்டது. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பழைய பாலிசி விவரங்களைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுகிற வேலை. மூன்று வாரமாக ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை. எங்கள் தொழிலில் இதைத் தர்பூசணி ரிப்போர்ட் என்று கிண்டல் செய்வோம். வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. கிண்டல் எல்லாம் அடுத்தவர் புராஜெக்ட்டுக்குத்தான். சனிக்கிழமை விடியற்காலை 2:40க்கு வேலை நடுவில் நின்றது. ஒரே பாலிசி எண் இரண்டு பேருக்குப் போயிருக்கிறது, அதுவும் நூற்றுக்கணக்கில். விடியும்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினோம்.

திங்கட்கிழமை ஆர்.சி.ஏ. மீட்டிங். எதனால் நடந்தது, யாரால் நடந்தது என்று கிளறுகிற சடங்கு. அதில்தான் தெரிந்தது: குழுவில் சேர்ந்து இரண்டு வருடமே ஆன ஒரு தம்பி அந்த இரட்டைப் பதிவுகளைச் செவ்வாய்க்கிழமையே பார்த்திருக்கிறான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பார்த்துட்டு ஏன்பா சொல்லல?"

"சொன்னேன் மேம். செவ்வாய்க்கிழமை ஸ்டாண்ட்-அப்ல சொன்னேன்."

எனக்கு நினைவில்லை. அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஸ்டாண்ட்-அப் என்கிற அந்தக் குட்டி ஆன்லைன் மீட்டிங்கின் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். அவன் சொல்லியிருக்கிறான். "கொஞ்சம் டூப்ளிகேட் வருது மேம், செக் பண்ணிட்டிருக்கேன்." உடனே ஒரு சத்தம். "ச்சு." நான்தான். அதன் பின்னாலேயே என் குரல்: "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்ல?" அரை நொடி. "ஓகே மேம்." அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிட்டார். மொத்தம் 11 நொடி.

அந்த 11 நொடியை நான்கு தடவை கேட்டேன். நான் திட்டவில்லை. குரலை உயர்த்தவில்லை. அவனைக் குறை சொல்லவும் இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை தட்டினேன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அம்மா செய்வாரே, அதே சத்தம்.

அப்புறம்தான் இந்த விஷயம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கம்பெனி அனுப்புகிற தலைமைப் பண்புப் பயிற்சியின் பொடிப்பொடி ஸ்லைடுகள் வழியாக. அது பயன்படவில்லை என்று தெரிந்ததும் நேராகக் கட்டுரைகளுக்கே போனேன்.

இந்தத் துறையில் எல்லாரும் தொட்டுப் பேசுகிற பெயர் ஏமி எட்மண்ட்சன், ஹார்வர்ட் பேராசிரியர். 1990களில் ஆய்வு மாணவியாக இருந்தபோது மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வில் சேர்ந்தார். நல்ல ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். யாருமே அப்படித்தான் எதிர்பார்ப்போம். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. யோசித்துப் பார்த்ததில் அவருக்குப் பிடிபட்டது இது: நல்ல வார்டில் தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் அது பேச்சிலேயே வரவில்லை. 1996இல் இதை வெளியிட்டார். அப்புறம் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதிய கட்டுரையில்தான், குழுவுக்குள் 'உளவியல் பாதுகாப்பு' என்ற எண்ணம் முழு உருவம் பெற்றது.

உளவியல் பாதுகாப்பு என்ற சொல்லைத் தமிழில் கேட்டால் எனக்கு எல்.ஐ.சி. பாலிசியின் பெயர் மாதிரி இருக்கிறது. விஷயம் எளிது. இந்த இடத்தில் வாய் திறந்தால் அசிங்கப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை. கூகுள் 2012இல் தொடங்கி சுமார் 180 குழுக்களை அலசி, எந்தக் குழு ஏன் நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்தபோதும் இதுதான் முதலில் வந்து நின்றது. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, இருக்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே கனமான விஷயம் என்றார்கள்.

எட்மண்ட்சனைப் படித்த அன்று என் பச்சை ரிப்போர்ட்டுகளை நினைத்து வயிற்றைப் பிசைந்தது. மூன்று வாரம் ஒரு சிக்கலும் இல்லாத புராஜெக்ட் என்றால், அது நான் சேர்ந்திருக்கக் கூடாத வார்டு.

கெட்ட செய்தி சொல்ல வாய் வராதது பற்றி இதைவிடப் பழைய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1970இல் அமெரிக்காவில் ரோசன், டெஸ்ஸர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். இன்னொரு மாணவருக்கு வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது, உடனே கூப்பிடச் சொல்லுங்கள் என்று ஒருவரிடம் தகவல் கொடுப்பது. நல்ல செய்தி என்றால் "நல்ல செய்தியாம்" என்று சேர்த்துச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால் பலர் "வீட்டுக்கு போன் பண்ணச் சொன்னாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். செய்தியைக் கொண்டுபோகிறவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, ஆனாலும் வாய் வரவில்லை. நமக்கு இதைச் சோதனை வைத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. "தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியல, கிளம்பி வா" என்று ஊரிலிருந்து போன் வந்தால் தாத்தா இல்லை என்று நமக்குத் தெரியும். பஸ் ஏறும்போதே அழுதுகொண்டுதான் ஏறுவோம். அந்தத் தம்பியின் "கொஞ்சம் டூப்ளிகேட் வருது" அந்த ரகம். தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை. ஊர் பாஷை தெரிந்த எனக்கு ஆபீஸ் பாஷை தெரியாமல் போயிற்று.

"நம்ம கலாசாரமே இப்படித்தான், பெரியவங்க முன்னாடி பேச மாட்டாங்க" என்று இதைத் தட்டிக் கழிப்பதும் நடக்கும். டச்சு சமூக உளவியலாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட்டின் அதிகார இடைவெளிக் குறியீட்டை ஆதாரமாகக் காட்டுவார்கள். இந்தியா 77, அமெரிக்கா 40, சுவீடன் 31. மேலே இருப்பவர் மேலேதான் இருப்பார் என்பதை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்பதன் அளவு. எண் சரி. ஆனால் இதைக் காட்டி மேனேஜர்கள் கை கழுவுவதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

ஏன் என்றால், எங்கள் ஆபீஸ் கேட்டைத் தாண்டி நூறடி நடந்தால் ஒரு டீக்கடை. நாலு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். எந்த புராஜெக்ட் இழுத்துக்கொண்டு நிற்கிறது, எந்த மாட்யூலை யார் தொடவே பயப்படுகிறார்கள், எந்தத் தேதி நடக்காத தேதி, எல்லாம் மசால்வடையோடு பேசப்படும். டீ மாஸ்டருக்கு எங்கள் ரிலீஸ் தேதி தள்ளிப்போவது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று நினைக்கிறேன். பேசத் தெரியாத ஜனங்களா இவர்கள்? பேச இடம் பார்த்துப் பேசுகிற ஜனங்கள். உள்ளே கிளையன்ட் காலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது அமெரிக்கக்காரருக்காக. கால் முடிந்த அடுத்த நொடி மேம். டீக்கடையில் என் பெயரே இருக்காது, "அந்தம்மா".

பேச இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நம் நாட்டிலேயே சோதித்திருக்கிறார்கள். அச்யுத அத்வர்யு உள்ளிட்ட மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இந்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் செய்தது. சம்பள உயர்வு வந்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எல்லாருக்கும் ஏமாற்றம். அந்த நேரத்தில் தொழிலாளர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, பெயர் இல்லாத ஒரு கருத்துக் கேட்பு நடத்தினார்கள். வேலை எப்படி, சூப்பர்வைசர் எப்படி, திருப்தியா இல்லையா. சம்பளத்தில் ஒரு காசு கூடவில்லை. ஆனால் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்களும் லீவு போட்டவர்களும் குறைந்தார்கள். அதிகமாக ஏமாந்தவர்களிடம்தான் இந்த விளைவு அதிகம். வாயைத் திறக்க வழி இருந்தால் காலைத் தூக்கி வெளியே வைப்பது குறையும் என்று பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்னதை, தையல் மிஷின்களுக்கு நடுவில் வைத்துப் பரிசோதித்த வேலை இது. படித்தபோது சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்து வந்தது. கேட்டாலே போதும், கொடுக்க வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்கிற முதலாளிகள் இருப்பார்களே.

இன்னொரு ஆய்வு என்னை நேரடியாகக் குத்தியது. டெட்டர்ட், பர்ரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு உணவகச் சங்கிலியில் 3,149 ஊழியர்களையும் 223 மேனேஜர்களையும் வைத்துச் செய்து 2007இல் வெளியிட்டது. மேனேஜர் காது கொடுப்பவரா என்பதற்கும் ஊழியர் பேசுவதற்கும் உறுதியான தொடர்பு இருக்கிறது. அதிலும் நன்றாக வேலை செய்கிறவர்கள் பேசுவதைத்தான் மேனேஜரின் போக்கு மிக அதிகமாகப் பாதிக்கிறதாம். நான் இத்தனை நாள் நேர்மாறாக நினைத்திருந்தேன். கெட்டிக்காரர்கள் எப்படியும் பேசிவிடுவார்கள், வாயில்லாப் பூச்சிகளைத்தான் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று. அந்தத் தம்பி என் குழுவில் முதல் மூன்று பேரில் ஒருவன். இரட்டைப் பதிவை அவன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். என் 'ச்சு' அவன்மேல்தான் விழுந்தது.

மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாத, கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயங்கள் இந்த ஊரில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தி.நகர் ஜவுளிக் கடைகளில் காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போட்ட பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும் என்பது பல்லாண்டு காலம் தெரிந்த விஷயம். யாரும் கேட்கவில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று சட்டசபையே சொல்ல வேண்டியிருந்தது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. நான் அந்தக் கடைகளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து புடவை பார்த்திருப்பேன். எதிரே நிற்பவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பது கண்ணில் படவே இல்லை.

தூக்கம் பற்றியும் சென்னையிலேயே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது, 2021இல் வெளியானது. டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்த 452 பேர். ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், கொசு, சத்தம். அவர்களுக்கு உதவிகள் செய்து ராத்திரித் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டிப் பார்த்தார்கள். வேலையில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. வேலை இடத்திலேயே மதியம் அரை மணி நேரம் கண்ணயர விட்டார்கள். அதில் வேலைத்திறன், மனநிலை, கவனம் எல்லாம் கூடியது. தூங்கிய நேரம் வேலை நேரத்தில் கழிந்தது என்பதும் உண்மை. ஆபீஸில் மதியம் தூங்க ஓர் அறை வைக்கலாமா என்று நான் மேலிடத்தில் கேட்டேனா என்றால், இல்லை. ஓகே சார் என்று நானும் சொல்கிற இடம் ஒன்று உண்டு.

அதையும் சொல்லிவிடுகிறேன். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வேலையில் மனம் ஒட்டி இருப்பவர்கள் உலக அளவில் 2024இல் 23 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தார்கள். அந்தச் சரிவு அதிகம் தெரிந்தது மேனேஜர்களிடம், 30இலிருந்து 27. பெண் மேனேஜர்களிடமும் 35 வயதுக்குக் கீழ் உள்ள மேனேஜர்களிடமும் இன்னும் மோசம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதற்குச் சதவீதக் கணக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் உச்சுக் கொட்டியபோது என் போனில் மேலிடத்திலிருந்து வந்த மெசேஜ் ஒன்று இருந்தது: "ஃப்ரைடே கன்ஃபர்ம்ட்?" நான் "எஸ்" என்று போட்டிருந்தேன். காரணமாகச் சொல்லவில்லை. ஆனால் 'ச்சு' என்னிடம் பிறக்கவில்லை, என் வழியாகப் போனது என்று தோன்றுகிறது.

இந்த உளவியல் பாதுகாப்பை இனிப்பு மாதிரி எல்லாருக்கும் ஊட்டுவதும் எனக்கு ஒப்பவில்லை. 2023இல் எல்டோர், ஹோடோர், கபெல்லி என்ற மூன்று ஆய்வாளர்கள், அளவுக்கு மீறினால் அன்றாட வழக்கமான வேலைகளின் தரம் குறையக்கூடும் என்று காட்டியிருக்கிறார்கள். எட்மண்ட்சனே 2025இல் இன்னொருவரோடு சேர்ந்து, இதை எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள், இனிக்க இனிக்கப் பேசுவது இதுவல்ல என்று எழுதிவிட்டார். சம்பவத்துக்குப் பிறகு நான் கொஞ்ச நாள் அந்தத் தப்பைத்தான் செய்தேன். எதற்கெடுத்தாலும் சிரித்தேன். "சூப்பர்பா, சொன்னதுக்குத் தேங்க்ஸ்பா" என்றேன். குழுவில் இருந்தவர்கள் என்னை வேலையை விட்டுப் போகப்போகிறவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பெயர் இல்லாமல் கருத்துச் சொல்ல ஒரு ஃபாரம் வைத்தேன். முதல் மாதம் மூன்று பதில். ஒன்று கேன்டீன் சாம்பார் பற்றி.

கடைசியில் கைகொடுத்தது அப்பாவின் ஃபோர்மேன். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். அந்த ஃபோர்மேன் காலையில் உள்ளே வரும்போது "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்க மாட்டாராம். ஒவ்வொரு மிஷின் பக்கத்திலும் நின்று, "என்னப்பா, இன்னிக்கு எது படுத்துது?" ஏதோ ஒன்று படுத்துகிறது என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் யோசிக்க வேண்டும். மினியாபோலிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் நிர்வாகியாக இருந்த ஜூலி மொராத் பற்றிப் படித்தபோது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். தவறு நடந்ததா என்று மொராத் கேட்டால் நர்ஸ்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இந்த வாரம் உங்கள் நோயாளிகளுக்கு எல்லாம் நீங்கள் விரும்பிய அளவு பாதுகாப்பாக நடந்ததா என்று மாற்றிக் கேட்டார். பேச்சு வந்தது.

ஃபோர்மேனை நான் பெரிய மகானாக்கிவிடுவேனோ என்று அப்பாவுக்குப் பயம் போல. "மிஷினைப் பத்திச் சொன்னா கேட்பாரு. ஓ.டி. காசு ஏன் வரலைன்னு கேட்டவனை அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட்ல போட்டாரு," என்றார். பிறகு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது என் செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் முதல் கேள்வி, "இன்னிக்கு எது படுத்துது?" முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சர்வர், மூன்றாம் வாரம் டெஸ்ட் டேட்டா. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். ஆறு, ஏழில் யாராவது மைக்கை ஆன் செய்கிறார்கள். அந்தத் தம்பி இப்போது வேறு கம்பெனி. நல்ல சம்பளம் என்றான். நானும் அதையே நம்பிக்கொள்கிறேன்.

போன வாரம் ஒன்பது வரை எண்ணிவிட்டேன். கடைசியில், குழுவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆன ஒரு பெண்ணின் மைக் ஆன் ஆனது.

"மேம், சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல. நீங்க ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் போடுறீங்கல்ல. பதில் வேணாம், காலைல பாருங்கன்னுதான் போடுறீங்க. ஆனா அதைப் பார்த்ததும் தூக்கம் போயிடுது மேம்."

யாரும் அசையவில்லை. எல்லார் கேமராவும் ஆனில் இருந்தது. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டத்தில் என் முகம் எனக்கே தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்ததும் எனக்குத் தெரிந்தது.

"ம்," என்றேன். "சொல்லும்மா, எத்தனை நாளா?"